காற்றை அளந்தீர்கள், மூச்சை எப்போது அளப்பீர்கள்?

வடசென்னையின் காற்றுக்குக் கணக்கு வைத்திருக்கும் அதிகாரி அவர்களுக்கு,

எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து கொடுத்த மனுவுக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வந்து சேர்ந்தது. நன்றி. மனுவுக்குப் பதில் வருவதே அதிசயம் என்றிருக்கும் ஊரிலிருந்து எழுதுகிறேன், எனவே அந்த நன்றியில் கிண்டல் ஏதும் இல்லை. பதிலின் சாரம் இதுதான்: அளக்கப்பட்ட மாசுகள் யாவும் 24 மணி நேரச் சராசரியில் நிர்ணயிக்கப்பட்ட வரம்புக்குள் இருக்கின்றன, ஆகவே மேல்நடவடிக்கை தேவைப்படவில்லை.

உங்கள் எண்கள் பொய் என்று நான் சொல்லப்போவதில்லை. கருவி பழுது, நிலையம் ஆலையிலிருந்து தள்ளி நிற்கிறது, மழை பெய்த வாரமாகப் பார்த்து அளந்தார்கள் என்றெல்லாம் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் இறங்க விருப்பமில்லை. எண்கள் சரியென்றே வைத்துக்கொள்கிறேன். என் வழக்கு வேறு. நீங்கள் காற்றை அளக்கிறீர்கள். அந்தக் காற்று போய்ச் சேருகிற இடத்தை இந்த ஊரில் யாரும் முறையாக அளந்ததில்லை. அளக்காமலே அங்கே ஒன்றும் ஆகவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள்.

நான் எர்ணாவூர்க்காரி. பிழைப்புக்கு ஒரு நெஞ்சுநோய் கிளினிக்கில் ஊதுற டெஸ்ட் எடுக்கிறேன். டாக்டர் சீட்டில் பிஎஃப்டி என்று எழுதுவார். வருகிறவர்களுக்கெல்லாம் அது ஊதுற டெஸ்ட்தான். மூக்கில் கிளிப் மாட்டி, அட்டைக்குழாயை உதட்டால் இறுக்கிக் கவ்வச் சொல்லி, நெஞ்சு கொள்ளுமட்டும் மூச்சை இழுக்கவைப்பேன். அப்புறம் கத்த ஆரம்பிப்பேன். "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்!" வெளியே பெஞ்சில் இருப்பவர்கள் உள்ளே ஏதோ தகராறு என்று எட்டிப்பார்ப்பார்கள். ஐந்தாறு விநாடி விடாமல் ஊத வேண்டும். முதல் விநாடியில் எவ்வளவு காற்று வெளியே வந்தது, மொத்தம் எவ்வளவு வந்தது என்ற இரண்டு எண்ணில் பாதிக் கதை தெரிந்துவிடும். மூச்சுக்குழாய்கள் சுருங்கியிருந்தால் முதல் விநாடியின் எண் விழும். நுரையீரலே சிறுத்தோ விறைத்தோ போயிருந்தால் மொத்தமும் விழும். திரையில் ஒரு கோடு வரும். ஆரோக்கியமான நெஞ்சுக்கு அது விருட்டென்று மேலே போய் நேராக இறங்கும். குழாய் சுருங்கியவருக்கு, ஏறிய உடனே உள்பக்கமாகக் குழிந்து, தரையோடு தரையாக நீண்டுகொண்டே போகும்.

அந்தக் குழிந்த கோட்டைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "பீடி, சிகரெட் உண்டா?" நாற்பதைத் தாண்டாத ஒருவர், நிலக்கரி ஏற்றும் இடத்தில் லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிற வேலை, சொன்னார்: "இல்லக்கா. தொட்டதே இல்ல. எங்கப்பா குடிச்சே செத்தாரு, அதுலேர்ந்து எதையும் தொடறதில்ல." சீட்டில் புகைப்பழக்கம் என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதினேன். அவர் எங்கே வேலை பார்க்கிறார், எந்தத் தெருவில் படுத்துத் தூங்குகிறார் என்று எழுத அந்தச் சீட்டில் கட்டமே கிடையாது.

என்னிடம் வருகிறவர்கள் ஏற்கெனவே மூச்சு வாங்குகிறவர்கள். அவர்களை வைத்து ஊருக்குக் கணக்குச் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். என் அறையில் பார்ப்பதை ஆதாரம் என்று உங்கள் மேசையில் வைக்கவும் இல்லை. ஊரின் கணக்கை ஊருக்குள் வந்துதான் எடுக்க வேண்டும். அது என் வேலை அல்ல, உங்களைப் போன்றவர்களின் வேலை.

இந்தச் சோதனை புதிதாக வந்த ஆடம்பரமும் அல்ல. 1846-ல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர், தண்ணீரில் மிதக்கும் ஒரு கலத்துக்குள் ஆட்களை ஊதவைத்து அளந்து கட்டுரை எழுதினார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அவர் அளந்திருந்தார். இன்றைக்கு அதே வேலையைச் செய்யும் கருவி கைப்பையில் அடங்குகிறது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் பதில் கடிதத்தைப் படித்தபோது, மூச்சுக்குழாய் என்று ஒன்று இருப்பதே அலுவலகத்துக்கு மறந்துவிட்டதோ என்று பட்டது. அதனால் எழுதுகிறேன்.

ஓய்வாக இருக்கிற ஒரு மனிதரே ஒரு நாளைக்கு ஏறக்குறைய பத்தாயிரம் லிட்டர் காற்றை உள்ளே இழுத்து விடுகிறார். பெரிய தூசு மூக்கு ரோமத்திலும் சளியிலும் மாட்டிக்கொள்ளும். அதற்கும் தப்பியது மூச்சுக்குழாயின் ஈரச்சுவரில் ஒட்டும். அங்கே இருக்கும் நுண்மயிர்கள் ஓயாமல் அடித்து அடித்து அதைத் தொண்டைக்குத் தள்ளிவிடும். காலையில் எங்கள் ஊர்க்காரர்கள் காறித் துப்பும்போது சாம்பல் நிறத்தில் வருகிறதே, அது அந்த ஏற்பாடு இன்னும் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். பயப்பட வேண்டியது வெளியே வராததைப் பார்த்து. 2.5 மைக்ரானுக்கும் குறைந்த துகளை, நீங்கள் பிஎம் 2.5 என்று அட்டவணையில் எழுதுகிறீர்களே அதை, மூக்கும் சளியும் முழுக்கத் தடுக்க முடிவதில்லை. கணிசமான பங்கு கடைசிக் காற்றறைகள் வரை போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே மயிரும் இல்லை, சளியும் இல்லை. துப்புரவுக்கென்று இருக்கும் வெள்ளணுக்கள் துகளை விழுங்கப் பார்க்கும். நிலக்கரிச் சாம்பலையும் டீசல் கரியையும் அவற்றால் செரிக்க முடியாது. விழுங்கிய அணு தன்னிடம் இருக்கும் எரிச்சலூட்டும் பொருட்களைக் கக்கும். சுற்றியிருக்கும் திசு வீங்கும். ஒருநாள் வீங்கினால் ஆறிவிடும். தினமும் வீங்கினால் தழும்பாகும், குழாய்ச்சுவர் தடிக்கும். மிக நுண்ணிய துகள்கள் ரத்தத்துக்குள்ளேயே போய்விடும். அங்கிருந்து அது இருதய டாக்டரின் பிரச்சினை.

கந்தக டை ஆக்சைடின் வழி வேறு. தண்ணீரில் எளிதில் கரையும் வாயு அது. அமைதியாக மூக்கால் மூச்சு விடுகிறவருக்கு, பெரும்பகுதி மூக்கின் ஈரத்திலேயே கரைந்து நின்றுவிடும். ஓடுகிறவர், சுமை தூக்குகிறவர், சைக்கிள் மிதிக்கிறவர் வாயால் மூச்சு வாங்குவார். அப்போது மூக்கு என்ற காவல் கிடையாது. வாயு நேராகக் குழாய்க்குள் இறங்கும், அங்கிருக்கும் நரம்புகளைச் சீண்டும், குழாயைச் சுற்றியிருக்கும் தசை சட்டென்று இறுகும். இழுப்பு உள்ளவர்களை வைத்து ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். உடற்பயிற்சி செய்துகொண்டே அந்த வாயுவைச் சுவாசித்தால் ஐந்து, பத்து நிமிடத்துக்குள் முதல் விநாடியின் எண் விழுந்துவிடுகிறது.

ஐந்து, பத்து நிமிடம். இந்த இடத்தில்தான் உங்கள் 24 மணி நேரச் சராசரி எனக்குக் கசக்கிறது.

எங்கள் பகுதியில் புகை ஒரே சீராக வருவதில்லை. காற்று திரும்பும்போது வருகிறது. கொதிகலனை அணைத்து மறுபடி மூட்டும்போது வருகிறது. அதிகாலையில் கடற்காற்று எழுவதற்கு முன்னால், புகை மேலே போகமுடியாமல் தாழ்ந்து நிற்கும் நேரத்தில் வருகிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வேகவேகமாக நடக்கும் நேரமும் ஏறக்குறைய அதேதான். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். நாள் முழுவதும் கந்தக டை ஆக்சைடு ஒரு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்று சாதுவாக இருக்கிறது. பத்தே பத்து நிமிடம் மட்டும் 1,500-க்கு எகிறுகிறது. உலக சுகாதார நிறுவனம் பத்து நிமிடத்துக்கு வைத்திருக்கும் அளவு 500. அதைப்போல மூன்று மடங்கு. அந்த நாளின் சராசரி என்ன வரும் என்று போட்டுப் பாருங்கள். சுமார் 25. நம் நாட்டு வரம்பு 80. உங்கள் அட்டவணையில் அந்த நாள் பச்சை நிறத்தில் நிற்கும். அந்தப் பத்து நிமிடத்தில் எந்தப் பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதோ அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். தண்ணீர் லாரி மாதத்தில் ஒரே நாள் வந்து முப்பது நாள் தண்ணீரையும் மொத்தமாகத் தெருவில் கொட்டிவிட்டுப் போனாலும், தலைக்கு இத்தனை லிட்டர் என்ற சராசரி சரியாகத்தான் இருக்கும். எங்கள் குடத்தைக் கேட்டால் வேறு சொல்லும்.

இதைச் சொல்வது நான் மட்டுமல்ல. அமெரிக்காவில் 2010-ல் இந்த வாயுவுக்கான 24 மணி நேர அளவையும் ஆண்டு அளவையும் எடுத்துவிட்டு, ஒரு மணி நேர அளவைக் கொண்டுவந்தார்கள். பாதிப்பு குறுகிய நேரத்தில் நடக்கிறது என்பதால்தான். நம் 2009-ஆம் ஆண்டு தேசியத் தர அளவுகளில் அந்த வாயுவுக்கு ஒரு மணி நேர வரம்பு இல்லை. 24 மணியும் வருடமும் மட்டும்தான். வரம்பே வைக்காத இடத்தில் வரம்பு மீறல் எப்படி நடக்கும், ஐயா?

துகளுக்கு வைத்திருக்கும் வரம்பும் தாராளமானது. பிஎம் 2.5-க்கு நம் 24 மணி நேர அளவு 60, ஆண்டு அளவு 40. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15-ம் 5-ம். 55 வந்தால் காற்றுத்தரக் குறியீட்டில் "திருப்திகரம்" என்று விழும். யாருக்குத் திருப்தி என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். நாடு ஏழை நாடு, ஒரே நாளில் 5-க்கு வரமுடியாது என்பது எனக்கும் புரிகிறது. இலக்கை மெதுவாகத் தொடுங்கள். ஆனால் 60-க்குக் கீழே இருந்தால் நுரையீரலுக்கு ஒன்றும் ஆகாது என்று எங்களிடம் சொல்லாதீர்கள். அப்படி எந்த மருத்துவரும் சொன்னதில்லை.

இனி, ஆதாரம். டெல்லியில் நாடாளுமன்றத்தில் கேட்கும்போதெல்லாம் ஒரே மாதிரி பதில் வருகிறது. காற்று மாசுக்கும் மரணத்துக்கும் நேரடித் தொடர்பு என்று நிறுவும் உறுதியான தரவு நாட்டில் இல்லை என்கிறார்கள். 2019 டிசம்பரில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் மக்களவையில் பேசினார், பிறகும் எழுத்து வடிவில் அதே தொனியில் பதில்கள் வந்தன. தரவு இல்லை என்பதைத் தரவு எடுக்க வேண்டியவர்களே சொல்வதைக் கேட்டால் சிரிப்பு வருகிறது, சில நாள் அழுகை வருகிறது.

தரவு எப்படி எடுப்பது என்பதற்கு வழிகாட்டி இருக்கிறது. தெற்குக் கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சல்ஸிலும் அதைச் சுற்றியும். அங்கேயும் துறைமுகம், கன்டெய்னர் லாரி, சுத்திகரிப்பு ஆலை, மலைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் புகை. 1993-ல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பன்னிரண்டு ஊர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். காற்று சுத்தமான ஊர், நடுத்தரமான ஊர், மோசமான ஊர் என்று எல்லாம் கலந்து. நான்காம் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு ஆண்டுதோறும், என் மாதிரி டெக்னீஷியன்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போனார்கள். ஊது, ஊது, விடாதே. பத்து வயதிலிருந்து பதினெட்டு வரை எட்டு வருடம், அதே பிள்ளைகளை.

ஏன் அந்த வயது? நுரையீரல் அப்போதுதான் வளர்கிறது. இருபது வயதையொட்டி அதன் உச்சம். அப்புறம் எல்லாருக்கும், கெட்ட பழக்கம் ஏதும் இல்லாதவருக்கும், வருடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போகும். உச்சம் எவ்வளவு உயரமோ அதுதான் வாழ்நாள் கையிருப்பு. உச்சத்தையே தொடாமல் கீழேயிருந்து இறங்க ஆரம்பிப்பவருக்கு ஐம்பது வயதிலேயே மாடிப்படி மலையாகிவிடும்.

2004-ல் முடிவை வெளியிட்டார்கள். துகள் மாசு மிக அதிகமாக இருந்த ஊரில், பதினெட்டு வயதில் முதல் விநாடி எண் எதிர்பார்க்கும் அளவில் 80 விழுக்காட்டுக்கும் கீழே இருந்த பிள்ளைகள் நூற்றுக்கு 7.9 பேர். மிகக் குறைவாக இருந்த ஊரில் 1.6 பேர். கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. இழுப்பு நோய் உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் இப்படி என்று தள்ளிவிட முடியவில்லை. நோயே இல்லாதவர்களிடமும் குறை தெரிந்தது. 2007-ல் இன்னொன்று: பெருஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள் வசித்த பிள்ளைகளின் நுரையீரல், 1,500 மீட்டருக்கு அப்பால் வசித்தவர்களோடு ஒப்பிட்டால் எட்டு வருடத்தில் சராசரியாக 81 மில்லி லிட்டர் குறைவாக வளர்ந்திருந்தது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகள் என்ஜினை அணைக்காமல் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் எத்தனை பள்ளிக்கூடங்கள் என்று ஒரு வரைபடத்தில் வட்டம் போட்டுப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 2015-ல் வந்தது. இடைப்பட்ட காலத்தில் லாரிக்கும் எரிபொருளுக்கும் துறைமுகத்துக்கும் சட்டத்தை இறுக்கினார்கள்; காற்று தெளிந்தது. அடுத்தடுத்து வந்த மூன்று தொகுதி மாணவர்களை ஒப்பிட்டார்கள். பதினைந்து வயதில் நுரையீரல் குறைபாடு உள்ளவர்கள் முதல் தொகுதியில் 7.9 விழுக்காடு, அடுத்ததில் 6.3, கடைசியில் 3.6. அளந்தார்கள், சட்டம் போட்டார்கள், மறுபடி அளந்து பார்த்தார்கள், பிள்ளைகளுக்கு மூச்சு கூடியிருந்தது. இதைவிடத் தெளிவான அரசாங்க வேலையை நான் படித்ததில்லை.

கலிபோர்னியா பணக்கார ஊர் என்பீர்கள். டெல்லியைப் பாருங்கள். கொல்கத்தாவின் சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தார், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காகவே, டெல்லியின் 36 பள்ளிகளில் 11,628 பிள்ளைகளைச் சோதித்தார்கள். 43.5 விழுக்காடு பிள்ளைகளுக்கு நுரையீரல் செயல்திறன் குறைந்திருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த கிராமப்புறப் பிள்ளைகளில் அது 25.7. நம் நாட்டுப் பணம், நம் நாட்டு டெக்னீஷியன்கள், நம் பிள்ளைகள். ஆக, செய்யத் தெரியாது என்பதல்ல. எர்ணாவூருக்கும் கத்திவாக்கத்துக்கும் அத்திப்பட்டுக்கும் செய்யத் தோன்றவில்லை.

தோன்றவேண்டிய தருணம் ஒன்று வந்துபோனது. 1970-லிருந்து ஓடிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச் 31-ஆம் தேதி நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் யூட்டா பள்ளத்தாக்கில் ஓர் இரும்பாலை 1986-87-ல் பதிமூன்று மாதம் மூடிக் கிடந்தபோது, ஆர்டன் போப் என்ற பேராசிரியர் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். ஆலை ஓடிய குளிர்காலங்களில் மூச்சுக்கோளாறால் அட்மிட்டான குழந்தைகள், மூடியிருந்த குளிர்காலத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு இருந்தார்கள். காற்று மாசு ஆராய்ச்சியில் அது பெரிய பெயர் வாங்கிய வேலை. அதே மாதிரி வாய்ப்பு நம் வாசலிலேயே வந்து நின்றது. மூடுவதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை பிள்ளைகளை ஊதவைத்திருந்தால் போதும். என்னிடம் சொல்லியிருந்தால் நானே கருவியைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன்.

இன்னொரு நுணுக்கம், டெக்னீஷியன்களுக்கு மட்டும் உறுத்துவது. சோதனைக்கு முன் கருவியில் வயது, உயரம், ஆணா பெண்ணா என்று கொடுப்போம். பல கருவிகளில் எந்த இனத்தவர் என்றும் கேட்கும். இந்தியர் என்று அழுத்தியதும் "இயல்பு" என்கிற எண் தானாகவே கீழே இறங்கும். நமக்கு நுரையீரல் பிறவியிலேயே சின்னது என்பது அதன் எண்ணம். பதினேழு நாடுகளில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், தெற்காசியாவில் புகைபிடிக்காதவர்களின் முதல் விநாடி எண், வட அமெரிக்க ஐரோப்பியர்களைவிட 31 விழுக்காடு குறைவாக இருந்தது, உயரத்தையும் வயதையும் கழித்த பிறகும். இதில் உடல்வாகு எவ்வளவு, தாய் வயிற்றில் கிடைக்காத சத்து எவ்வளவு, விறகடுப்பு எவ்வளவு, வெளிக்காற்று எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. ஆனால் கெட்ட காற்றில் வளர்ந்த நுரையீரல்களை அளந்து, அதையே இயல்பு என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேல் இருந்தால் நார்மல் என்று அச்சடித்துக் கொடுக்கிறோமோ என்ற சந்தேகம் ஒவ்வொரு முறை அந்தப் பொத்தானை அழுத்தும்போதும் வருகிறது. அமெரிக்க நெஞ்சுநோய் மருத்துவர் சங்கம் 2023-ல் இனத்தைப் பார்க்காத கணக்கையே பயன்படுத்தச் சொல்லிவிட்டது. எங்கள் கருவி இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

பழைய கணக்கையும் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். மணலி 2009-லேயே நாட்டின் மிக மோசமாக மாசடைந்த தொழில் பகுதிகளின் பட்டியலில் இருந்தது. 2011-ல், தூசு தாங்கவில்லை என்று வழக்காகி, உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. நிலக்கரி எண்ணூருக்கு வந்தது. ராயபுரத்துக்காரர்கள் மூச்சு விட்டார்கள், நல்லது. ராயபுரத்தைக் காப்பாற்றிய நியாயம் வடக்கே சில கிலோமீட்டர் தள்ளி ஏன் செல்லுபடியாகவில்லை என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. 2015 டிசம்பரில் அனல்மின் நிலையங்கள் கந்தகத்தை வடிகட்ட வேண்டும், இரண்டு வருடத்துக்குள் என்று மத்திய அரசு விதி போட்டது. அந்த இரண்டு வருடம் தள்ளிப்போய், மறுபடி தள்ளிப்போய், 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்த விதியே வேண்டாம் என்று விலக்கும் கொடுத்தாகிவிட்டது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்கு 2027 கடைசிவரை கெடு. அந்தத் தேதியை நான் காலண்டரில் குறித்து வைக்கவில்லை. முந்தைய தேதிகளைக் குறித்து வைத்த காலண்டர்கள் பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டன.

2023 டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உர ஆலைக்குக் கடலடியில் அமோனியா கொண்டுவரும் குழாய் கசிந்து, பெரியகுப்பமும் சின்னகுப்பமும் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடின. கண்ணெரிச்சல், மூச்சுத்திணறல் என்று பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். மற்ற நாட்களில் வருவது மெதுவாக வருகிறது, அந்த ராத்திரி வேகமாக வந்தது. அதனால் மந்திரி வந்தார், டிவி வந்தது. அமோனியாவும் ஈரத்தைத் தேடிப்போய்க் கரையும் வாயுதான், கரைந்த இடத்தைப் பொசுக்கும். இப்படிப்பட்ட ஒரு ராத்திரிக்குப் பிறகு சிலருக்கு மூச்சுக்குழாய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் எரிச்சலோடு இருக்கக்கூடும் என்பது மருத்துவப் புத்தகத்தில் உள்ளது. அந்த இரண்டு குப்பங்களில் இருப்பவர்களை ஆறு மாதம் கழித்து ஊதவைத்துப் பார்க்க யாரும் எங்கள் கிளினிக் பக்கம் அனுப்பவில்லை. தானாக வந்தவர்கள் தானாகப் பணம் கட்டினார்கள்.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். போகியன்று டயர் கொளுத்தாதே என்று ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வருகிறீர்கள். சரியான காரியம்தான், அன்றைக்கும் மறுநாளும் என் அறையில் நெபுலைசருக்கு வரிசை நிற்கிறது. ஆனால் வருடத்தில் ஒருநாள் நாங்கள் கொளுத்தும் புகைக்கு மைக், 365 நாளும் ஆலைப் புகைக்கூண்டு வழியாக வரும் புகைக்குக் கோப்பு. மைக் பிடிக்கிற தம்பியும் முகத்தில் கர்சீப் கட்டிக்கொண்டுதான் வருகிறார்.

பிரிட்டனில் எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்றொரு சிறுமி. தென்கிழக்கு லண்டனில், லாரிகள் நெரிக்கும் ஒரு சாலைக்குப் பக்கத்தில் வீடு. 2013-ல் இழுப்பு நோயால் இறந்தபோது வயது ஒன்பது. அவளுடைய அம்மா விடவில்லை. 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, காற்று மாசும் இந்தச் சாவுக்குக் காரணம் என்று பதிவு செய்தார். அந்த நாட்டில் அப்படி எழுதப்பட்டது அதுவே முதல்முறை. அந்தச் சிறுமி எத்தனை முறை ஆஸ்பத்திரிக்குப் போனாள், அந்த நாட்களில் பக்கத்து நிலையத்தில் காற்று எப்படி இருந்தது என்று ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க அங்கே இரண்டு பதிவும் இருந்தன. எங்கள் ஊரில் ஒரு பதிவுதான் இருக்கிறது, உங்களுடையது. இன்னொரு பக்கம் காலி.

அந்தக் காலிப் பக்கத்தை நிரப்பித் தாருங்கள் என்பதுதான் கோரிக்கை. ஆலையை மூடு என்று இந்த மடலில் நான் கேட்கவில்லை. அதைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கேட்கட்டும். எண்ணூர், எர்ணாவூர், கத்திவாக்கம், மணலி, அத்திப்பட்டு, சாம்பல் குட்டைக்கு நடுவே கிடக்கும் செப்பாக்கம் ஆகிய ஊர்களின் அரசுப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட, ஆலை எதுவும் இல்லாத கடற்கரை ஊர் ஒன்றிலும் அதே மாதிரி எடுங்கள். வருடம் ஒருமுறை, அதே மாதத்தில், அதே கருவியில், அதே பிள்ளைகளை, பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை. வீட்டில் விறகடுப்பா கேஸா, அப்பா புகைபிடிக்கிறாரா, சாலை எவ்வளவு தூரம் என்பதையும் கேட்டு எழுதுங்கள், பின்னால் அதைச் சொல்லித் தட்டிக்கழிக்க யாருக்கும் இடம் இருக்கக் கூடாது. எண்களைப் பெயர் நீக்கி ஊருக்குத் திறந்து வையுங்கள். கூடவே உங்கள் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடு அளவை, நிமிடக் கணக்கில் கருவி எடுப்பதை, சராசரியாகப் பிசையாமல் அப்படியே வெளியிடுங்கள். எடுத்த தரவைக் காட்டுவதற்குத் தனியாகச் செலவு ஏதும் இல்லை.

குறைபாடு எதுவும் இல்லை என்று வந்தால், நானே தெருத்தெருவாகப் போய் அதிகாரி சொன்னது சரி என்று சொல்கிறேன். குறைபாடு இருந்தால், அடுத்து என்ன செய்வது என்று நீங்களும் நாங்களும் உட்கார்ந்து பேச ஓர் எண்ணாவது இருக்கும்.

கருவி வாங்கப் பணம் இல்லை என்று கோப்பில் குறிப்பு எழுதும் முன் ஒரு விஷயம். எங்கள் டாக்டரிடம் பேசிவிட்டேன். கிளினிக்கின் கைக்கருவியைச் சனிக்கிழமைகளில் தருகிறேன் என்றார். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் அட்டைக்குழாய்க்கு எங்கள் தெருவில் வசூல் செய்துகொள்கிறோம். ஊதவைக்க ஆள் நான் இருக்கிறேன், என்னோடு வேலை பார்க்கும் இன்னொரு பெண்ணும் வருகிறாள். தலைமையாசிரியை ஒருவரிடம் கேட்டேன். "எனக்கு ஆட்சேபனை இல்லம்மா, மேலேயிருந்து ஒரு பேப்பர் வாங்கிட்டு வாங்க" என்றார். அந்தப் பேப்பரைத்தான் கேட்கிறேன். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் அனுமதிக் கடிதம் வந்தால் முதல் சனிக்கிழமையே தொடங்கிவிடலாம். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டிய ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். திருத்தம் இருந்தால் ஓரத்தில் குறித்து அனுப்பவும்.

இப்படிக்கு,
ஊதுற டெஸ்ட் எடுக்கும் ஒரு டெக்னீஷியன்,
எர்ணாவூர்